வில்லிங் என்று எழுதும் முன்

செய்தி வந்தபோது குழந்தைகள் வார்டில் ஒரு தாயிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவளுடைய மகனுக்குத் தொண்டையில் சதை வளர்ந்திருந்தது. அதை எடுப்பது பற்றி டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் பாதி சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் அழைப்போம். சீன மிஸ்ஸி ஒருத்தி பக்கத்தில் வந்து மலாயில் மெல்லச் சொன்னாள்: வகாப் பாய் இறந்துவிட்டார், காலைத் தொழுகைக்கு எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார், வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. நான் மீதி வாக்கியத்தையும் சொல்லி முடித்தேன். பாதியில் விட்டிருந்தால் பாய் என்னை மன்னித்திருக்க மாட்டார்.

அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"என்னங்க, உங்க கண்ணு கலங்குது? எம்புள்ளைக்கு ஏதும் ஆபத்தா? மறைக்காம சொல்லுங்க."

"உங்க பிள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா. என்கூட வேலை பார்த்தவர் இறந்துட்டாரு. இப்பத்தான் சேதி வந்துச்சு."

அவள் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரச் சொன்னாள். நானும் வெட்கமில்லாமல் உட்கார்ந்துகொண்டேன்.

நண்பர்களே, அப்துல் வகாபை அறிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இந்த மருத்துவமனையில் கடந்த இருபது ஆண்டுகளில் படுத்து எழுந்த தமிழர் யாரைக் கேட்டாலும் அவரைத் தெரியும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒல்லியான ஆள். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புத் தொப்பி. பூர்வீகம் நாகூர்ப் பக்கம். வளர்ந்தது இங்கே அராப் ஸ்ட்ரீட்டில், தாத்தாவின் துணிக்கடைக்கு மேல். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆனால் தமிழ், மலாய், ஆங்கிலம், ஹொக்கியன் நான்கிலும் சண்டை போடுவார், நான்கிலும் சமாதானம் செய்வார்.

நாங்கள் இருவரும் போர் முடிந்த சில ஆண்டுகளில், ஒரே வாரத்தில் மொழிபெயர்ப்பாளர்களாகச் சேர்ந்தோம். வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்களுக்கென்று அறை கிடையாது. தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சு. அதில் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் நான். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். அந்தத் திமிரில் அவரைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தேன். அவர் ஒரு நோயாளியிடம் பேசி முடிப்பதற்குள் நான் நான்கு பேரை முடித்துவிட்டு வந்து கோப்பி குடித்துக்கொண்டிருப்பேன். டாக்டர்களுக்கு என்னைப் பிடிக்கும். அவரைக் கண்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

எங்கள் வேலையின் உயிர்நாடி ஒரு தாள். அறுவைச் சிகிச்சைக்கு முன்பு நோயாளி அதில் கைநாட்டு வைக்க வேண்டும். கைநாட்டுக்குக் கீழே, விஷயத்தை அவருடைய மொழியில் விளக்கினோம், அவர் சம்மதிக்கிறார் என்று நாங்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'பேஷன்ட் இஸ் வில்லிங்.' அவ்வளவுதான். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் இதையே எழுதி எனக்குக் கை சலித்தது. சிராங்கூன் ரோட்டில் கடைகளுக்கு முன்னால் போகும் ஐந்தடிப் பாதையில் கடை போட்டிருந்த முத்திரை செய்பவரிடம் கொடுத்து ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டேன். வில்லிங் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். அதைப் பெருமையாக பாயிடம் காட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு ராஜு. ஆளைப் பார்க்குறதுக்கு முன்னாடியே அவன் சம்மதிச்சுட்டான்னு இதுக்குத் தெரிஞ்சிருக்கே. கெட்டிக்கார ரப்பர் லா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று மாலை எதிர்க் கோப்பிக் கடையில் அவர் தன் இலக்கணத்தை எனக்குச் சொன்னார். ஏழாம் வகுப்புக்காரர் எனக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறாரே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டேன். இன்றைக்கும் அந்தப் பேச்சு ஒரு சொல் குறையாமல் நினைவிருக்கிறது.

"'நோ அப்ஜெக்ஷன்'னு எழுதினா, அவன் வாயைத் திறக்கலன்னு அர்த்தம். 'அக்ரீயபிள்'னு எழுதினா, நாம சொல்லிச் சொல்லி அவன் தலையாட்டினான்னு அர்த்தம். 'வில்லிங்'னு எழுதணும்னா அவனே எழுந்து வந்து, செய்யுங்கன்னு சொல்லணும். நீங்க மூணுக்கும் ஒரே ஸ்டாம்ப் வெச்சிருக்கீங்க."

அகராதி அப்படிச் சொல்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எழுதிய தாள்களைப் பிற்பாடு எடுத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று சொற்களும் மூன்று விதமாக, இடம் பார்த்து எழுதப்பட்டிருக்கும். 'பேஷன்ட் இஸ் அக்ரீயபிள், பட் அஃப்ரெய்ட்' என்று ஒரு தாளில் இருந்தது. எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை. இவராகவே எழுதி வைத்திருந்தார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் தன் கல்யாணத்தைச் சொன்னார்.

"எங்கள்ல நிக்காஹுக்கு முன்னாடி பொண்ணு சார்பா பேசுற வக்கீலும் ரெண்டு சாட்சியும் பொண்ணு இருக்குற அறைக்குள்ள போய், உனக்குச் சம்மதமான்னு கேட்டுட்டு வரணும். என் கல்யாணத்துல போனவங்க ரொம்ப நேரம் வெளிய வரல. எனக்கு வேர்த்து ஊத்துது. என்னன்னா, அவ பதில் சொல்லாம இருந்திருக்கா. எங்க மாமாதான் வக்கீல். மௌனம் சம்மதம்னு எழுதிக்கிட்டு வந்திருக்கலாம்ல? மாட்டேன்னுட்டாரு. பதில் வர்ற வரைக்கும் நின்னாரு. கேட்டா காத்திருக்கணும். காத்திருக்க முடியாதவன் கேக்கக் கூடாது."

"அப்புறம் என்ன சொன்னாங்க உங்க வீட்டம்மா?"

"சம்மதம்னு சொன்னா. இல்லன்னா உங்களோட உக்காந்து கோப்பி குடிச்சுக்கிட்டிருப்பேனா?"

இதையெல்லாம் வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். ஸ்டாம்ப் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கருப்பையாவின் தாளில் குத்தும்வரை இருந்தது.

ஐம்பதுகளின் பின்பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை. பாய் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். அவருடைய வார்டை நான் பார்த்துக்கொண்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கருப்பையா என்பவன் நான்கு நாளாக அங்கே படுத்திருந்தான். இராமநாதபுரத்துக்காரன், முப்பது வயதிருக்கும். மனைவியும் பெண்ணும் ஊரில். இங்கே அவனுக்கென்று யாருமில்லை. மரப்பெட்டி ஒன்று வலது காலில் விழுந்து நசுக்கிவிட்டது. காயம் அழுகத் தொடங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டும், பிற்பகலே, சொல்லிவிடு என்று தலைமை அறுவை மருத்துவரான வெள்ளைக்காரர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கட்டிலருகே போனேன். கருப்பையா என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான். வெள்ளைச் சட்டை போட்டவரெல்லாம் அவனுக்கு ஐயாதான்.

"கருப்பையா, பெரிய டாக்டரே உனக்கு ஆபரேஷன் பண்றாரு. கவலைப்படாத. எல்லாம் சரியாயிரும். என்ன, சரிதானே?"

"ஐயா பார்த்துச் செஞ்சா சரிங்க."

கைநாட்டு வாங்கினேன். ஸ்டாம்பைக் குத்தினேன்.

கால் என்ற சொல்லையோ வெட்டுவது என்ற சொல்லையோ நான் சொல்லவில்லை. ஏமாற்ற நினைக்கவில்லை, அது மட்டும் உண்மை. நாம் விளக்கை அணை என்று சொல்லமாட்டோம், குளிரவை என்போம். வீட்டில் அரிசி தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்போம். கிளம்பும்போது போய்வருகிறேன் என்போமே தவிர, போகிறேன் என்று வாய் வராது. அப்படி வளர்ந்த நாக்குக்கு, படுத்திருக்கும் ஒருவன் முகத்தைப் பார்த்து உன் காலை வெட்டப் போகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அதை நான் இங்கிதம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் தொழுகை முடிந்து திரும்பியதும் தாளைப் பார்த்தார். நேரே கருப்பையாவிடம் போனார். நானும் பின்னால் போனேன். அவர் யாரிடமும் சரியா என்று கேட்கமாட்டார். அவர் கேட்கும் விதமே வேறு.

"கருப்பையா, டாக்டர் உனக்கு என்ன செய்யப் போறாரு? நீ சொல்லு, நான் கேக்குறேன்."

"ஊசி போட்டுத் தூங்க வெப்பாங்க பாய். அப்புறம் எலும்பைச் சேர்த்து வெச்சுக் கட்டுவாங்க. எல்லாம் சரியாயிரும்னு இந்த ஐயா சொன்னாரு. ரெண்டு மாசத்துல வேலைக்குப் போயிரலாம்ல?"

பாய் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேனாவை எடுத்து என் ஸ்டாம்பின் மேல் ஒரு கோடு போட்டார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு, கருப்பையாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"நல்லாக் கேளு கருப்பையா. உன் வலது காலை முட்டிக்குக் கீழ வெட்டி எடுக்கப் போறாங்க. அப்புறம் அதைத் திரும்ப வைக்க முடியாது. இதைத்தான் டாக்டர் சொன்னாரு."

 பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கருப்பையா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பாய் காத்திருந்தார்.

"வேணாம் பாய். நான் ஒப்பமாட்டேன்."

அறுவை மருத்துவர் வந்தார். பாய் எழுந்து நின்று சொன்னார்: "ஹி இஸ் நாட் வில்லிங், சார்." ஒரு மணி நேரத்துக்கு முன்பு சம்மதித்தவன் இப்போது எப்படி மறுக்கிறான், இதை எழுதியது யார் என்று அவர் கத்தினார். நான் பாய்க்குப் பக்கத்தில்தான் நின்றேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பாய் பொய் சொல்லமாட்டார் என்பது தெரியும். பெயரைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எங்க பெஞ்சு எழுதினது சார்," என்றார் ஆங்கிலத்தில். "எங்க பெஞ்சே இப்ப திருத்துது."

டாக்டர் விளக்கினார். அழுகல் மேலே ஏறுகிறது. சாயங்காலத்துக்குள் முழங்காலைத் தாண்டிவிடும். பிறகு உயிருக்கு உத்தரவாதமில்லை. பாய் உட்கார்ந்து அதையும் அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் கருப்பையாவிடம் சொன்னார். செத்துப்போகலாம் என்ற சொல்லையும் சொன்னார். கருப்பையா கண்ணை மூடிக்கொண்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாயைத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தேன்.

"என்ன பாய் இது, பிடிவாதம்? வில்லிங்னு எழுதிக் கொடுத்துருங்க. மயக்க மருந்து கொடுத்தா அவனுக்கு என்ன தெரியப் போகுது? உயிர் பிழைச்சுருவான்ல? பொண்ணு ஒருத்தி இருக்கா அவனுக்கு."

"பிழைச்சுருவான். முழிச்சுப் பார்த்து, என்னைக் கேட்டீங்களான்னு கேப்பான். நீங்க பதில் சொல்றீங்களா?"

"செத்துட்டான்னா யாரும் கேக்கமாட்டாங்க. அது பரவாயில்லையா?"

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.  

"எனக்கும் பயமாத்தான் இருக்கு ராஜு. அவன் செத்துட்டா நான் எப்படி வீட்டுக்குப் போய்ச் சோறு திம்பேன்? ஆனா கால் என்னோடது இல்லையே."

உள்ளே போய் மறுபடியும் முக்காலியில் உட்கார்ந்தார். வற்புறுத்தவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கருப்பையா கேட்டதற்கெல்லாம் பதில் மட்டும் சொன்னார். கட்டைக் கால் வைத்தால் நடக்கலாமா? நடக்கலாம், ஆனால் மூட்டை தூக்க முடியாது. ஊருக்குப் போனால் பெண் பயப்படுமா? முதலில் பயப்படும். மணி இரண்டாயிற்று, மூன்றாயிற்று. மிஸ்ஸி இரண்டு தரம் வந்து காயத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தேன். ஒருவன் சாவதும் பிழைப்பதும் என் அவசரத்தில் வந்து நிற்கிறதே என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டேன்.

மூன்றரை மணிக்குக் கருப்பையா ஒன்று கேட்டான்.

"வெட்டின காலை எங்க போடுவாங்க பாய்?"

பாய்க்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னார். எழுந்து போய் அறுவை மருத்துவரிடம் கேட்டார். எனக்குத் தெரிந்து இந்த மருத்துவமனையில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பதிலோடு திரும்பி வந்தார்.

"இங்க வேண்டாததெல்லாம் எரிக்கிற அடுப்பு ஒண்ணு இருக்கு கருப்பையா. அதுல போடுவாங்களாம்."

"குப்பையோடயா?"

"குப்பையோடதான்."

கருப்பையா அழ ஆரம்பித்தான். காலையிலிருந்து அப்போதுதான் அழுதான். "எங்க ஆளுங்க மண்ணுலதான் வெப்போம் பாய். என் அய்யா, பாட்டன் எல்லாரும் முழுசாப் போனாங்க. நான் பாதி மண்ணுலயும் பாதி குப்பையிலயுமா போவேன்? அதுக்கு இப்பவே முழுசாப் போயிர்றேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கால் போவதற்காக அவன் மறுக்கவில்லை. கால் போகும் இடத்துக்காக மறுத்தான். என் ஸ்டாம்ப் ஆயிரம் வருடம் யோசித்திருந்தாலும் இது அதற்குத் தெரிந்திருக்காது.

பாய் அவன் பக்கம் குனிந்தார். "எங்க ஆளுங்கள்லயும் வெட்டின கை காலை மண்ணுலதான் வைக்கணும். உன் காலை நான் கொண்டுபோய் வைக்கிறேன். உங்க ஆளுங்களை வைக்கிற இடத்துலயே வைக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியம் பண்ற பழக்கம் எனக்கில்ல. செய்றேன்."

கருப்பையா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தானே கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"அப்பன்னா வெட்டச் சொல்லுங்க பாய். சீக்கிரம் வரச் சொல்லுங்க."

பாய் புதுத் தாள் எடுத்து எழுதினார். பக்கத்துக் கட்டில்காரரையும் வார்டு ஊழியர் ஒருவரையும் சாட்சிக்கு அழைத்து, எழுதியதைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டினார். 'பேஷன்ட் இஸ் வில்லிங், ப்ரொவைடட் ஹிஸ் லெக் இஸ் பெரீட்.' நோயாளிக்குச் சம்மதம், அவருடைய காலை அடக்கம் செய்வதானால். அறுவை மருத்துவர் அதை இரண்டு முறை படித்தார். இந்தத் தாளில் நிபந்தனைக்கு இடமில்லையே, யார் இதைச் செய்வார்கள் என்று கேட்டார்.

"ஐ ஆம் வில்லிங், சார்," என்றார் வகாப் பாய்.

அந்தச் சொல்லை அவர் தனக்காகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பாயின் காலில் விழ வேண்டும்போல இருந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆள் காலில் எப்படி விழுவது?

மறுநாள் நண்பகலில் வெள்ளைத் துணி சுற்றிய காலை ஒரு தேயிலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். "நீங்க தூக்கிக்குங்க ராஜு," என்றார் பாய். வேறொன்றும் சொல்லவில்லை. தண்டனை என்று எண்ணித் தூக்கிக்கொண்டேன். ஒரு கால் இவ்வளவு கனக்கும் என்று நான் நினைத்ததில்லை. சிராங்கூன் ரோட்டில் பஸ் ஏறினோம். சனிக்கிழமைக் கூட்டம். கண்டக்டர் தமிழர், பாய்க்குத் தெரிந்தவர்.

"பெட்டியில என்ன பாய், மாம்பழமா?"

"இல்ல. ஒரு ஆளோட காலு."

"சும்மா விளையாடாதீங்க லா பாய்!"

பஸ்ஸே சிரித்தது. பாய் பொய் சொல்லாமலே தப்பித்துவிட்டார். நான் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு தேக்கா சந்தையும் கோயில்களும் ஒவ்வொன்றாகப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிடாடாரி இடுகாட்டில், இந்துக்களின் பகுதியில், பதிவு எழுதுபவர் நோட்டைத் திறந்தார்.

"செத்தவர் பேரு?"

"கருப்பையா. ஆனா சாகல," என்றார் பாய்.

"சாகாத ஆளையா கொண்டாந்திருக்கீங்க?"

"கால் மட்டும்."

அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். கடைசியில் 'கருப்பையா, ஒரு கால்' என்று எழுதிக்கொண்டு வேலியோரம் ஓர் இடத்தைக் காட்டினார். குழி வெட்டியதும் பாய் என்னைப் பார்த்தார். "உங்க வழக்கப்படி என்ன சொல்லணுமோ நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அவனுக்குச் சேராது." எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது. கருப்பையா, உன் காலை முறையாக வைத்துவிட்டோம் என்று மட்டும் சத்தமாகச் சொல்லி மூன்று பிடி மண் போட்டேன். பாய் ஒதுங்கி நின்று கையேந்தித் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டார்.

கருப்பையா பிழைத்தான். நாங்கள் திரும்பியபோது அரை மயக்கத்தில் இருந்தவன், "வெச்சிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டான். பாய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எந்தத் திசை, எந்த வேலி, மண் ஈரமா காய்ந்ததா என்பதுவரை. அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை. மற்றொரு வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று சாக்குச் சொல்லிவிட்டு நழுவினேன். அன்றைக்கே ஸ்டாம்பைக் குப்பையில் போட்டேன்.

பிறகு கருப்பையா ஒரு மரப்பட்டறையில் காவல்காரன் ஆனான். தேக்காவில் எப்போதாவது எதிர்ப்பட்டால் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையும் கூப்பி எனக்கு வணக்கம் சொல்வான். பத்து ஆண்டுகளாக அந்த வணக்கம் என்னைக் குத்திக்கொண்டிருந்தது. இவனுக்குத் தெரியாது, தெரிந்தால் காறித் துப்புவான் என்று நினைத்துக்கொள்வேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாயெடுப்பேன். சௌக்கியமா என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவேன்.

இதற்கிடையே எனக்குப் பதவி உயர்வு வந்தது. பாய்க்கு வரவில்லை. வேலையில் மந்தம் என்று அவருடைய குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். அதை என்னிடம் காட்டி, "உண்மைதானே, இதுல கோபப்பட என்ன இருக்கு?" என்றார். நான்தான் அவருக்கும் சேர்த்துக் கோபப்பட்டேன். பெஞ்சிலிருந்து அறைக்கு மாறிய பிறகும், தமிழ் நோயாளி யாராவது முரண்டு பிடித்தால் டாக்டர்கள் என்னை அழைப்பதில்லை. அந்த மெதுவான ஆளைக் கூப்பிடு என்பார்கள்.

அவரைப் பிடாடாரியில்தான் அடக்கம் செய்தார்கள், முஸ்லிம்களின் பகுதியில். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு நல்ல கூட்டம். நான்கு மொழிக்காரர்களும் வந்திருந்தார்கள். மண் தள்ளி முடிந்து எல்லாரும் கலையும்போது வேலியோரம் கருப்பையா நின்றுகொண்டிருந்தான். சட்டை நனைந்திருந்தது. அவ்வளவு தூரம் ஊன்றுகோலில் நடந்தே வந்திருக்கிறான்.

"பாய் தனியா இல்லீங்க," என்றான். "என் காலு அந்தப் பக்கம் முன்னாடியே வந்து இருக்குல்ல. ஒத்தாசைக்கு ஆகும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இனியும் அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள முடியாது என்று தோன்றியது. பாய் படுத்திருக்கும் இடத்துக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு மறைத்துப் பேச வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

"கருப்பையா, அன்னிக்கு உன்கிட்ட விவரம் சொல்லாம, நீ சம்மதிச்சுட்டன்னு முதல்ல எழுதினது நான்தான். பாய் மட்டும் அன்னிக்குத் திரும்பி வரலன்னா உன் கால் குப்பையோட போயிருக்கும். உன்னைக் கேட்டே இருக்கமாட்டாங்க."

அவன் என்னை நிதானமாகப் பார்த்தான்.

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு எனக்குத் தெளிஞ்சதுமே பாய் சொல்லிட்டாருங்க. 'உன்னைக் கேக்காம எழுதினது ராஜு. உன் காலை மடியில வெச்சுக் கொண்டுபோய்ச் சேர்த்து, மண்ணு போட்டதும் அதே ராஜுதான். ரெண்டும் உனக்குத் தெரிஞ்சிருக்கணும்'னாரு. நானும் யோசிச்சுப் பார்த்துத்தான் வணக்கம் சொன்னேன்."

நண்பர்களே, வகாப் பாயிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு வாக்கியங்களைத்தான். முதலாவதை விட்டுவிட்டுச் சொல்லியிருந்தால் நான் நல்லவனாகியிருப்பேன். இரண்டாவதை விட்டிருந்தால் ஒன்றுக்கும் உதவாதவனாகியிருப்பேன். நான் எதிரில் இல்லாதபோதும் என்னைக் கூட்டாமல் குறைக்காமல் ஒருவனிடம் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அதில் ஒரு சொல்லையும் அடிக்க எனக்குச் சம்மதமில்லை.